நடுவில் ஒருத்தி

"உப்பைக் குறைக்கணுமாம்ப்பா" என்றாள் நயேலி.

டாக்டர் ஹாஃப்மன் உப்பைப் பற்றி வாயே திறக்கவில்லை. "சிபாரிசுக் கடிதம் எழுதிக் கொடுத்தேனே, யுனிவர்சிட்டியில இடம் கிடைச்சுதா?" என்றுதான் ஆங்கிலத்தில் கேட்டிருந்தார். பரிசோதனைக் கட்டிலில் உட்கார்ந்திருந்த அப்பா ஃபௌஸ்தினோ, மகள் ஸ்பானிஷில் சொன்னதற்குத் தலையாட்டினார்.

பன்னிரண்டு வயதிலிருந்து அவளுக்கு இதே வேலை. ஆஸ்பத்திரி, பேங்க், மின்சார ஆபீஸ் என்று எங்கே போனாலும் நடுவில் அவள் உட்கார வேண்டும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

"கிடைச்சிடுச்சு டாக்டர். அந்தச் சின்ன வளாகத்துல. உயிரியல், நேரா மூணாம் வருஷம்."

"பெரிய வளாகத்துல நானூறு பேரோட உட்கார்ந்து தூங்கறதுக்கு அது எவ்வளவோ மேல். போனதுமே லேப்ல விடுவாங்க. எப்பக் கிளம்பறே?"

"போகலை."

ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை அப்பாவின் கையில் சுற்றிக்கொண்டிருந்த டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"வர்றேன்னு இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள வெப்சைட்ல சொல்லணும். சொல்லப்போறதில்லை" என்றாள் நயேலி. "மூணு மணி நேரத் தூரம், அங்கேயே தங்கணும். அம்மா போய் நாலு வருஷமாச்சு. அப்பாவுக்கு ஓகே, தேங்க்யூ தவிர இங்கிலீஷ்ல ஒண்ணும் தெரியாது. நான் போயிட்டா இவரை யார் பார்த்துக்குவா?"

"அவர்கிட்ட சொன்னியா?"

"இடம் கிடைச்சதே அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா போன்னுதான் சொல்லுவார். அப்புறம் மாத்திரையை மாத்திப் போட்டுக்கிட்டு எங்கேயாவது விழுந்து கிடப்பார்."

"என்ன கண்ணு, இவ்வளவு நேரமாப் பேசறார்?" என்றார் அப்பா.

"தினமும் அரை மணி நேரம் நடக்கணுமாம்ப்பா."

"பாதாம் தோப்புல பத்து மணி நேரம் அலையறவனை நடக்கச் சொல்றாரா? ஒரு நாள் எங்கூட வரச் சொல்லு, பார்க்கலாம்."

அதை மட்டும் அவள் ஒழுங்காக மொழிபெயர்த்தாள்.

"நானா?" என்றார் டாக்டர். "ரெண்டாவது மரத்துலேயே என்னைத் தள்ளுவண்டியில போட்டுத்தான் கொண்டு வரணும்!"

அப்பா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நயேலி அதை ஸ்பானிஷில் சொன்னதும் இன்னொரு தடவை சிரித்தார்.

அவளுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. சுவர்க் கடிகாரத்தில் நாலரை. இரண்டு வருஷத்தில் முடிய வேண்டிய உள்ளூர்க் கம்யூனிட்டி காலேஜ் படிப்பு, அப்பாவோடு அலைந்ததில் நாலு வருஷமாக இழுத்துவிட்டது. கூடப் படித்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு ஊருக்குப் போய்விட்டார்கள். அப்பா மேல் அவளுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததை நினைத்து அழுகையும் வந்தது. போனில் திறந்து வைத்திருந்த அந்தப் பக்கத்தை மூடினாள்.

"சரி, செப்டம்பர்ல மறுபடி பார்க்கலாம்" என்றார் டாக்டர், மருந்துச் சீட்டை நீட்டியபடி. "நீயும்தானே?"

"நான் இல்லாம எப்படி?" என்றாள்.

அப்பா சட்டைப் பித்தானை மெதுவாகப் போட்டுக்கொண்டு இறங்கினார். மகளைப் பார்க்காமல் டாக்டரிடமே பேசினார். ஆங்கிலத்தில்.

"நான் தனியாவே வர்றேன் டாக்டர். இவ பக்கத்துல இருக்கணும்னுதான் தெரியாத மாதிரி நடிச்சேன்."