போடியாரின் மடி

நூஹு காக்கா துவக்கைத் தூக்கி ஒற்றைக் கண்ணால் குழலுக்குள் பார்த்தார். துவக்கின் சொந்தக்காரன் மீராசாஹிபு அவருடைய கண்ணையே பார்த்தான்.

கல்முனையில் பழைய துவக்குக்கு விலை மதிக்க நூஹு காக்காவை விட்டால் ஆளில்லை. அவர் ஒரு கண்ணைச் சுருக்கினால் ஐந்நூறு ரூபாய் குறையும். இரண்டையும் மூடினால் துவக்கை விறகோடு சேர்க்க வேண்டியதுதான்.

எதிரே முன்னறைப் பாயில், வாங்க வந்த பாண்டிருப்புச் சின்னப்போடி. வந்ததிலிருந்து ஒரு வார்த்தை கதைக்கவில்லை. வலது கை மட்டும் சாரன் மடியைத் தடவிக்கொண்டிருந்தது. மடிக்குள் ஏதோ ஒரு முடிச்சு.

காசு முடிச்சு. வேறென்ன?

மீராசாஹிபுவுக்கு அது முதலில் எலுமிச்சங்காய் அளவில் தெரிந்தது. இப்போது தேங்காய் அளவுக்கு வளர்ந்திருந்தது.

துவக்கு இன்றைக்கே வீட்டை விட்டுப் போக வேண்டும். அஸர் தொழுகைக்கு முன் போனால் இன்னும் நல்லது. மாசி மாதத்திலிருந்து அது கட்டிலுக்குக் கீழே கிடந்தது. படுத்த அவனுக்கோ முதுகுக்குக் கீழே அடுப்பு எரிகிற மாதிரி இருந்தது. காரணத்தை மனைவி ஹாஜறாவுக்குக்கூடச் சொல்லவில்லை. நூஹு காக்காவிடம் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தான்: சாகாமத்துப் பக்கம் வயல் செய்கிற எவனும் வேண்டாம்.

"ஏண்டா மனே?"

"அங்க யானைத் தொல்லை கூட, காக்கா. வாங்கினவன் மௌத்தாப் போனா பழி எனக்கு."

அதனால்தான் இந்த மனிதர். பெயரில் மட்டும்தான் போடி, பாண்டிருப்புக் கடற்கரையில் மீன்வாடி வைத்திருப்பவர் என்று விசாரித்து அறிந்திருந்தான். வயலும் வரம்புமாக வாழ்கிற உண்மையான போடியாராக இருந்திருந்தால் படலையைக்கூடத் திறந்திருக்க மாட்டான்.

நூஹு காக்கா விசைக்குக் கீழிருந்த வளையப் பிடியை இறக்கி ஏற்றினார். கிளிங். கிளாங். அந்தச் சத்தத்தில் முற்றத்துக் கோழிகள் மூன்று நாளைக்கு முட்டை போட மறந்திருக்கும்.

"குழல ஒரு சாண் வெட்டிரிக்காய். ஐநூறு போச்சி. கட்டைக்கு முதிரைப் பலகை போட்டிரிக்காய். இன்னும் ஐநூறு. தொளையையும் பெருப்பிச்சிரிக்காய். இதச் செஞ்ச வெள்ளக்காரன் பாத்தா நெஞ்சடைச்சே போயிருவான். நாலாயிரத்துச் சாமான், மனே, ரெண்டாயிரமும் தேறாது."

மீராசாஹிபுவின் வியர்வையைத் தேக்கியிருந்தால் ஒரு போகம் வேளாண்மை செய்திருக்கலாம்.

அப்போதுதான் சின்னப்போடி வாயைத் திறந்தார். குரல் மிகவும் மெதுவாக வந்தது.

"இந்தத் தொளைக்கு ரவை எங்க எடுக்கிற?"

மீராசாஹிபுவுக்கு உயிர் வந்தது. கேட்கிறான் என்றால் வாங்கப்போகிறான்!

"கடையில எடுக்க ஏலா, போடியார்! நானே அச்சுச் செஞ்சி, நானே ஈயம் உருக்கி வாக்கிற. பொத்துவில்ல இருந்து மட்டக்களப்பு மட்டும் தேடுங்க. இந்த ரவை போற இன்னொரு துவக்கு இருந்தா எண்ட மீசையை வழிச்சிப்போட்டு கல்முனைச் சந்தையால நடக்கிறன்!"

"இரவல் கிரவல் குடுத்திரிக்கிறீங்களோ?"

"அல்லா அறிய இல்ல! எண்ட கையைத் தவிர வேற கை பட்டதில்ல. இண்டைக்கித்தான் நூஹு காக்காட கை."

நூஹு காக்கா துவக்கை மடியில் வைத்தார். அவனுடைய முகத்தைப் பார்க்கவில்லை.

"நல்லா யோசிச்சித்தான் செல்றியா, மீராசாஹிபு?"

"யோசிக்க என்ன இரிக்கி? அதுக்கே ஆயிரம் கூட்டிப் போடுங்க!"

சின்னப்போடி மடியை அவிழ்த்தார்.

பழைய லேஞ்சித் துணி. நாலு முடிச்சு. ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தார். மீராசாஹிபு நோட்டுகளை எண்ண விரலை எச்சில் தொட்டுத் தயாராக வைத்திருந்தான்.

லேஞ்சிக்குள் நோட்டு இல்லை.

ஒரு ஈயக்கட்டி இருந்தது. தலை நசுங்கி, வால் மட்டும் வார்த்த மாதிரியே வட்டமாக.

நூஹு காக்கா அதை எடுத்து, வால் பக்கத்தைக் குழல் வாயில் வைத்தார். மோதிரம் சொந்த விரலுக்குப் போவதுபோலப் போய் இருந்தது.



"ஊர் பாண்டிருப்புத்தான், காக்கா," என்றார் சின்னப்போடி. "மீன்வாடி தம்பிக்குச் சொந்தம். எண்ட வயலும் எருமைப்பட்டியும் சாகாமத்தில."

மீராசாஹிபுவுக்கு அந்த மாசி மாதத்து மங்கல் பொழுது முழுதாகத் திரும்பி வந்தது. குளக்கட்டுக்குக் கீழே அசைந்த கறுப்பு. மரைமான் என்று நினைத்துப் பிஸ்மி சொல்லி இழுத்த விசை. கிட்டப் போய் டோர்ச் அடித்தபோது, எந்த மரைக்கும் இல்லாத மாதிரிப் பின்னால் வளைந்து கிடந்த இரண்டு கொம்பு.

எச்சில் தொட்ட விரல் அப்படியே நின்றது.

நூஹு காக்கா ஈயக்கட்டியைப் பாயில் வைத்தார். தொண்டையைச் செருமினார். விலை சொல்லும்போது அவர் எப்போதும் அப்படித்தான் செருமுவார்.

"வெல சரியா வந்திட்டு. ஒரு எருமை."

கதவுத் திரைக்குப் பின்னால் பிளேன்டீக் கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டின. ஹாஜறா இவ்வளவு நேரமும் அங்கேதான் நின்றிருக்கிறாள்.

"அது சினையாமே, போடியார்? ஊர்ல கதைச்சாங்க," என்று கேட்டாள்.

"ஓம், தங்கச்சி."

"அப்ப வயித்துக் கண்டையும் சேத்து வெல செல்லுங்க, காக்கா."