ஒளிவுமறைவில்லாத வீடு

“இத்தால் சகலருக்கும் அறியத் தருவது! இன்று முதல் இந்த வீட்டில் எவரும், எவருக்கும், எதையும் மறைக்கக் கூடாது. இது காப்புறுதித் துறையின் அதியுயர் நன்னம்பிக்கைக் கோட்பாடு!”

ஜீவராஜ் கதிரையை விட்டு எழுந்து நின்று இதை அறிவித்தபோது, சகலர் என்று அங்கே இருந்தது அவர் மனைவி அழகம்மாவும் ஒரு தட்டு உளுந்து வடையும் மட்டும்தான்.

“மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்ற நேரங்க. அந்தப் பொஸ்தகத்தை உள்ளுக்கு வைங்க.”

“பொஸ்தகம் இல்லடி, பாடத்திட்டம். வாற சனிக்கிழமை பரீட்சை. பாஸ் பண்ணிட்டேன்னா நான் லைசன்சு உள்ள காப்புறுதி முகவர், இன்சூரன்ஸ் ஏஜன்ட். அப்புறம் றொசல்லயில இருந்து கினிகத்தேனை வரைக்கும் ஒருத்தன் என்னைக் கேக்காம நிம்மதியாச் சாக முடியாது.”

தேயிலை ஃபெக்டரியில் ஸ்டோர் கீப்பரான ஜீவராஜுக்கு மூன்று மாதமாக இதே பேச்சு. போன சனிக்கிழமைகூட, பரீட்சை மண்டபம் எப்படி இருக்கிறதென்று பார்த்து வருவதாகச் சொல்லி, வெள்ளைச் சட்டை போட்டு, கோயிலில் பேனாவுக்கு ஒரு அர்ச்சனையும் செய்துகொண்டு ஹட்டனுக்குப் போனார். மண்டபம் பார்க்கப் போவதற்கா அர்ச்சனை என்று அழகம்மா கேட்கவில்லை. கேட்டால் விளக்கம் சொல்வார்.

அவள் கவலை வேறு. மகள் தனுஷிகாவுக்கு வந்த இரண்டு சம்பந்தம் இவர் வாயாலேயே தட்டிப்போயிருந்தது. இது மூன்றாவது.

“இன்னைக்கு ஒரு நாளைக்கு வாயை மூடிக்கிட்டு இருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

“மறைக்கச் சொல்றியா?” என்றார் ஜீவராஜ், களவெடுக்கச் சொன்னதுபோல.

வாசலில் வேன் வந்து நின்றது. இறம்பொடையிலிருந்து மாப்பிள்ளை துஷாந்தும், அவன் அப்பா ஆண்டியப்பனும், அம்மாவும் இறங்கினார்கள். தனுஷிகா தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

“வடை நல்லாருக்குங்க. பொண்ணு சுட்டதா?” என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

எந்த வீட்டுப் பெண் பார்ப்பிலும் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான். அதைச் சொல்ல அழகம்மா வாயைத் திறந்தாள்.

“இல்லிங்க” என்று முந்திக்கொண்டார் ஜீவராஜ். “கினிகத்தேனை பக்கீர் நானா கடையில வாங்குனது. எங்க புள்ள சுட்டிருந்தா உங்களால கடிச்சிருக்க ஏலாது. இன்னொண்ணு, புள்ள குறட்டை விடும். அடுத்த லயத்து வீடுகளுக்கும் கேக்கும்.”

தனுஷிகா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழகம்மா அவர் காலை மிதித்தாள். அவர் காலை நகர்த்தி வைத்துவிட்டு ஆண்டியப்பன் பக்கம் திரும்பினார்.

“இப்ப நீங்க சொல்லுங்க. சீனி வருத்தம் இருக்கா?”

“கொஞ்சம்…”

“பிரசர்?”

“இப்பத்தான் ஏறுதுங்க.”

“சாராயம்?”

“விசேசத்துக்கு மட்டும்.”

“வாரத்துல எத்தினை விசேசம்?”

ஆண்டியப்பனின் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆண்டியப்பனுக்கு வரவில்லை.

“சரி, உங்க அப்பா என்னத்துல செத்தாரு?”

“மரம் விழுந்துங்க.”

“அருமை!” ஜீவராஜ் தொடையில் தட்டினார். “விபத்து மரணம்! பரம்பரையா வர்ற நோய் வருத்தம் கெடையாது. மனுசன் ஒரு காப்புறுதி மட்டும் எடுத்துட்டு மரத்துக்குக் கீழ நின்னிருந்தா காசு ரெட்டிப்பாக் கெடைச்சிருக்கும்!”

ஆண்டியப்பன் பாதித் தேத்தண்ணியோடு கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். “நாங்க போயிட்டு… தகவல் அனுப்புறோங்க.”

அந்தத் தகவல் எப்படிப்பட்டதென்று அழகம்மாவுக்குத் தெரியும். முந்தின இரண்டு வீட்டாரும் இன்னும் அதைத்தான் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். வெற்றிலைத் தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட அவள் கை நீண்டது.

“உக்காருங்கப்பா” என்றான் துஷாந்த், அதுவரை வாயே திறக்காதவன். “எனக்குப் பொண்ணைப் புடிச்சிருக்கு. வீட்டையும் புடிச்சிருக்கு. வடை கடையிலயே வாங்கிக்குவோம்.”

சாத்தியிருந்த கதவு ஒரு விரல் அளவு திறந்தது. அழகம்மா வெற்றிலைத் தட்டை இருந்த இடத்திலேயே விட்டாள். ஆண்டியப்பன் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவர் தலையாட்டியதும் உட்கார்ந்தார்.

“பாத்தியா அழகு? கோட்பாடு வேலை செய்யுது!” ஜீவராஜின் நெஞ்சு ஒரு சுற்றுப் பெருத்தது. “தம்பி, உங்க மனசுலயும் ஏதாச்சும் கெடந்தா இப்பவே சொல்லிப்புடுங்க. மறைச்சா ஒப்பந்தம் செல்லாது.”

துஷாந்த் தலையைச் சொறிந்தான். “ஒண்ணே ஒண்ணு இருக்கு மாமா. அந்தக் காப்புறுதிப் பரீட்சையை நானும் எழுதுனேன். போன சனிக்கிழமை, ஹட்டன்ல. நேத்து ரிசல்ட்டு வந்துச்சு. பெயில்.”

“போன சனிக்கிழமையா?” என்றாள் அழகம்மா.

ஜீவராஜ் வடைத் தட்டை அவசரமாக மாப்பிள்ளை பக்கம் தள்ளினார். “அதெல்லாம் பரவால்ல தம்பி. வடை சாப்புடுங்க.”

“ஏன் தம்பி, படிக்கலையா?” அழகம்மா விடவில்லை.

“இல்ல அத்தை. முன் கதிரையில ஒரு பெரிய மனுசன் இருந்தாரு. வெள்ளைச் சட்டை, பேனாவுல விபூதி. யோசிக்காம மளமளன்னு எழுதித் தள்ளுனாரு. எல்லாம் தெரிஞ்ச ஆளுன்னு நெனச்சு, எட்டிப் பாத்து ஒண்ணு விடாம அப்புடியே எழுதிட்டேன்.”

“யாரு தம்பி அந்த ஆளு?”

“மாமாதான்.”