கெசிங்கர் கட்சிக்காரர்கள்

கடைசிச் சுற்றுக்கான வெள்ளைக் கொடி அசைந்தபோது கெசிங்கரின் நீலக் கார்தான் முதலில் இருந்தது.

ஆர்வில் ஹேக்கல்மன் எழுந்து நின்றார். எழுபத்தாறு வயதிலும் முதுகு வளையாத மனிதர்.

இண்டியானாபொலிஸ் பந்தயத் திடலில், மூன்றாம் திருப்பத்துக்கு நேர் எதிரே, அவருடைய அப்பா காலத்திலிருந்து அதே வரிசை, அதே இருக்கைகள். அந்த வரிசையில் உட்காரும் எவரும் கெசிங்கர் கட்சிதான், மருமகன்கள் உட்பட. பெண் கேட்டு வந்தவர்களிடம் ஆர்வில் முதலில் விசாரித்ததே அதைத்தான்.

கெசிங்கர் வீட்டில் தாத்தா ஓட்டினார், மகன் ஓட்டினார், இப்போது பேரன் ஓட்டுகிறான். ஒருவரும் ஜெயித்ததில்லை. தாத்தாவுக்கு எஞ்சின் வெடித்தது. மகனுக்கு, கொடி கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது, எரிபொருள் தீர்ந்தது. பேரன் போன வருடம் டயர் மாற்ற நின்ற இடத்திலிருந்து மூன்று சக்கரங்களோடு கிளம்பிவிட்டான்.

ஜெயிக்கிறவனுக்குக் கைதட்ட எவனாலும் முடியும் என்பார் ஆர்வில். தோற்கிறவன் பக்கம் மூன்று தலைமுறையாக நிற்பதற்கு ஒரு குடும்பம் வேண்டும். தேவாலய விருந்திலும் முடிதிருத்தும் கடையிலும் இதை அவர் வாயால் கேட்காதவர்கள் ஊரில் குறைவு. அவரைக் கண்டதும் சிலர் எதிர்ச்சாரிக்குப் போவதுண்டு. மரியாதைக்கு ஒதுங்குகிறார்கள் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

இந்தப் பந்தயத்தில் ஜெயித்தவன் முதலில் பால் குடிக்க வேண்டும். அது அங்கே வழக்கம். கெசிங்கர் குடிக்கும் நாளில் தாங்களும் குடிக்க வேண்டும் என்று, ஹேக்கல்மன்கள் வருடா வருடம் ஐஸ் பெட்டியில் வறுத்த கோழிக்குப் பக்கத்தில் ஒரு பாட்டில் பால் கொண்டுவருவார்கள். அது திறக்கப்படாமலே வீடு திரும்பும். மறுநாள் காலை அதில் பான்கேக் சுடுவார்கள். தோல்வி என்ற சொல்லைக் கேட்டால் அந்த வீட்டுக் குழந்தைகளுக்கு நாக்கில் எச்சில் ஊறும்.

இப்போது மகள் லோரீன் அந்தப் பாட்டிலை வெளியே எடுத்துவிட்டாள்.

கொடி விழுமுன் பாட்டிலைத் தொடுவது குடும்பத்தில் இல்லாத பழக்கம். அதட்டத் திரும்பினார். அவள் அழுதுகொண்டிருந்தாள். விட்டுவிட்டார்.

பின்வரிசை டுவேன் ப்ரூயிட் அவர் தோளைத் தட்டினான். வருடத்துக்கு ஒரு கட்சி மாறுகிறவன். போன வருடம் ஜெயித்தவனின் தொப்பிதான் இந்த வருடம் அவன் தலையில் இருக்கும்.

"போச்சு ஆர்வில், உன் பொழப்பு போச்சு. அவன் ஜெயிச்சுட்டா இனிமே என்னத்தப் பேசிட்டுத் திரிவ?"

ஆர்வில் மனசுக்குள் பதிலை ஒத்திகை பார்த்தார்.

முடிதிருத்தும் கடையில் போய் உட்கார்ந்து, ஜெயித்துவிட்டான் என்று சொல்லலாம். சரி. அதற்கப்புறம்? ஜெயித்தவனுக்கு ஊரெல்லாம் சொந்தக்காரர்கள். அடுத்த வருடம் இந்த டுவேனே நீலத் தொப்பியோடு வந்து, நம்ம பையன் என்பான்.

லோரீன் கையில் பாட்டில் வேர்த்துச் சொட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க அவருக்குப் பயமாக இருந்தது.

நீலக் கார் மூன்றாம் திருப்பத்துக்கு வந்தது. அதன் வாலைப் பிடித்தபடி வந்த மஞ்சள் கார், உட்புறமாக இறங்கி, ஆர்விலின் கண்ணெதிரே அதைத் தாண்டிப் போனது.

திடல் முழுக்க ஒரு முனகல். பிறகு மஞ்சள் காரைப் பார்த்து ஊளையிட ஆரம்பித்தார்கள். ஹேக்கல்மன்கள் ஊளையிடுவதில்லை. அது டுவேன்களின் வேலை.

ஆனால் ஆர்விலின் தொண்டையிலிருந்து ஏதோ ஒன்று வெளியே வந்தது. பரீட்சை தள்ளிப்போய்விட்டது என்று கேட்ட பள்ளிப்பிள்ளை போடும் சத்தம்.

சட்டென்று வாயைப் பொத்தினார்.

யாராவது கேட்டிருந்தால் மூன்று தலைமுறை மானமும் இந்தப் படிக்கட்டில் உருண்டு கீழே போகும். எப்படித் தோற்க வேண்டும் என்று மருமகன்கள் அவர் முகத்தைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார்கள். இதோ, இப்போதும் ஒவ்வொருவராகத் திரும்புகிறார்கள்.

சிரிப்போ அடங்குவதாக இல்லை. உதட்டைக் கடித்தால் கன்னம் வழியாக வந்தது. தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். தோள்கள் குலுங்கின.

வரிசை முழுக்க அவர் பக்கம் சாய்ந்தது.

ஒரு மருமகன் அவர் முதுகைத் தடவினான். பேத்தி ஒருத்தி முழங்காலைக் கட்டிக்கொண்டாள். லோரீன் பாட்டிலைச் சத்தமில்லாமல் ஐஸுக்குள் திரும்ப வைத்தாள். வாய் தவறிச் சொல்லிவிட்டேன் என்று டுவேன் யாரிடமோ குழைந்தான். மனிதர் எவ்வளவு நம்பியிருந்தார் பாருங்கள் என்று இன்னொரு குரல் தழுதழுத்தது. அதைக் கேட்டதும் ஆர்வில் இன்னும் பலமாகக் குலுங்கினார்.

இடப்பக்கத்து இருக்கையில் அவருடைய அக்கா வெர்னா. தாத்தா கெசிங்கரின் எஞ்சின் வெடித்த காலத்திலேயே இதே வரிசையில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள். தம்பியைத் தேற்றுகிறவள் போல அவர் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டு, காதோடு வாயை வைத்தாள்.

"தொப்பி பத்தலடா, பல்லு தெரியுது. அப்பா இதுக்குன்னே பெரிய கைக்குட்டையா எடுத்துட்டு வருவாரு."