வெட்டாத வேட்டைக்கத்தி

வேட்டைக்கத்தியின் வாயில் நகத்தளவு துண்டு பேர்ந்திருந்தது.

"கல்லுல பட்டிருக்கே?" என்றார் கள்ளக்குறிச்சிக் கொல்லர் கொளஞ்சியப்பன்.

"ஆட்டுக்கல்லுங்க," என்றான் கல்வராயன் மலையிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்த காத்தான். அவன் காதில் துணிக்கட்டு. "பழையபடி பளபளன்னு ஆக்கிக் குடுங்க. ஆனா வெட்டக் கூடாது."

"வெட்டாத கத்தி இன்னாத்துக்குய்யா?"

"வேட்டையெல்லாம் இப்ப தூக்கத்துலதாங்க. மூங்கிக்காடு, முழங்கால் வரைக்கும் பனி, முன்னால ஒரு வெள்ளப் பன்னி ஓடிக்கினே இருக்கும். கையில இந்தக் கத்தி இருந்தா வேட்டை வூட்டுக்குள்ளயே முடிஞ்சிடும். இல்லேன்னா கத்தியத் தேடிக்கினு, தூக்கத்துலயே காட்டுக்குள்ள எறங்கிடுதுங்க."

கொளஞ்சியப்பன் துருத்தியை நிறுத்தினார். உலைப் புகைக்குள் அந்த வெள்ளைப் பன்றி ஒரு நொடி ஓடி மறைந்த மாதிரி இருந்தது.

"நெசமான வேட்டை எப்ப நின்னுச்சு?"

"கல்யாணத்தோடங்க."

"பொண்டாட்டி வுடச் சொன்னாளாக்கும்?"

"நாந்தாங்க அவள வுடச் சொன்னேன். எங்க மலையில எம் பொஞ்சாதி பொன்னாயி மாதிரி பன்னி அடிக்கறவங்க யாரும் கெடையாது."

காத்தான் காதுக்கட்டை மெல்லத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"நேத்து அவளுக்கு அந்த வெள்ளப் பன்னி நாந்தாங்க."