தொட்டிக்கு வைத்த பெயர்

பொன்னுத்துரையின் ரத்தம் அபூர்வ வகை. ரத்த வங்கியில் ஊசி குத்துவதற்கு முன் ஜெபராணி சிஸ்டர் ஒவ்வொரு முறையும், "சாப்டாச்சாண்ணே?" என்று கேட்பார். வேறு யாரும் அவரிடம் அதைக் கேட்பதில்லை.

இன்றும் மறக்காமல் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருந்தார்.

"இனிமே நீங்க அலைய வேண்டாம்ணே. உங்க செல்லை வச்சு உள்ள தொட்டியிலயே ரத்தம் வளக்குறோம். அதுக்கு நேரத்துக்குச் சாப்பாடு குடுத்தா போதும். உங்க பேரைத்தான் வச்சிருக்கோம்" என்று சிஸ்டர் நின்றபடியே சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பொன்னுத்துரை படியிறங்கும்போது, உள்ளே சிஸ்டர் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணிடம் கேட்டது காதில் விழுந்தது.

"பொன்னுத்துரை சாப்டாச்சா?"

"ஆச்சும்மா" என்றார் பொன்னுத்துரை, படியில் நின்று.