தட்டைக் காளான்

சங்கரன் மாமா மூன்றாவது சிமெண்ட் காளான் மேலும் உட்கார்ந்து பார்த்தபோது ஹம்சாவுக்கு மானமே போயிற்று.

அடையாற்றில் சாலையோரக் கடை அது. தோட்டத்தில் வைக்கிற சிமெண்ட் பொம்மை, சுடுமண் ஜாடி எல்லாம் கிடைக்கும். மந்தைவெளியில் அவர்கள் அபார்ட்மெண்டின் கேட்டை ஒட்டிக் கொஞ்சம் தோட்டம் உண்டு. பக்கத்து அபார்ட்மெண்ட்காரர்கள் வாசலில் நீரூற்றே வைத்துவிட்ட பிறகு சும்மா இருக்க முடியுமா? தோட்டத்துக்கு அலங்காரச் சாமான் வாங்க ஏகமனதாகத் தீர்மானம் போட்டு, செக்ரட்டரி ஹம்சாவையும் ரிடையர்டு என்ஜினீயர் சங்கரனையும் அனுப்பியிருந்தார்கள்.

“பாய், இது ஒரு ஆளைத் தாங்குமோ?” என்றார் மாமா.

“இன்னா சார், யானையே குந்தலாம். ஆனா இது குந்துறதுக்கு இல்ல, ஷோவுக்கு” என்றார் கடைக்காரர் மெஹபூப் பாஷா.

“மாமா, அந்தக் கூம்புக் காளான் எவ்வளவு லட்சணமா இருக்கு. அதை எடுத்துக்கலாமே” என்றாள் ஹம்சா.

“கூம்பு வேண்டாம். தட்டைதான் நன்னாருக்கு.”

முழங்காலோடு வைத்து உயரம் வேறு பார்த்தார். தட்டைக் காளான் நாலு.

அடுத்து, சுவரில் பதிக்கிற சிங்க முகம். குழாயைத் திருகினால் வாயிலிருந்து தண்ணீர் கொட்டும். ஹம்சாவுக்கும் பிடித்துத்தான் இருந்தது, மாமா வாயைத் திறக்கும் வரை.

“இதுக்கு ஆர்.ஓ. லைன்லேர்ந்து தண்ணி இழுத்துடலாம்.”

“செடிக்கு எதுக்கு மாமா ஆர்.ஓ. தண்ணி?”

“போர் தண்ணி ஒரே உப்பு. சிங்கத்தோட வாய் ஒரு மாசத்துல வெள்ளை பூத்துடும்.”

கடைசியாக ஒரு பெரிய கலர் குடை.

“செடிக்கு வெயில் வேண்டாமா?”

“காளானுக்கு வேண்டாமே.”

மாமாவுக்கு வயசாகிவிட்டது என்று ஹம்சா முடிவு கட்டினாள். அவள் ஆசைப்பட்ட புல்லாங்குழல் கிருஷ்ணன் கடையிலேயே நின்றுவிட்டான்.

திங்கட்கிழமை எல்லாவற்றையும் பொருத்தியாயிற்று. உள்ளதைச் சொன்னால், பார்க்க நன்றாகவே இருந்தது. வாட்ஸ்அப் குரூப்பில் ஆளாளுக்குப் பாராட்டினார்கள்.

புதன்கிழமை பகல் பதினோரு மணிக்கு பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தவளுக்குப் பகீரென்றது.

குடை நிழலில் நாலு காளான் மேலும் ஆட்கள். ஒருவர் கூரியர்காரர். மற்ற மூவரும் வீட்டு வேலைக்கு வருகிற பெண்கள். சாப்பாடு டெலிவரி கொண்டுவந்தவர் சிங்கத்தின் வாயில் பாட்டிலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

விறுவிறுவென்று இறங்கிப் போனாள்.

“என்ன சுப்பம்மா இது? அழகுக்கு வச்சதுல போய் உட்கார்ந்திருக்கே?”

மூன்றாவது மாடியில் வேலை செய்யும் சுப்பம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“கோச்சுக்காதம்மா. ஒரு வூட்ல பத்துக்கு முடியுது. அடுத்த வூட்ல பன்னண்டுக்குத்தான் கதவத் தொறப்பாங்க. நடுவுல அம்மாந்தூரம் பெரும்பாக்கத்து வூட்டுக்குப் போய்ட்டு வர முடியுமா? இத்தினி நாளா எதிர்ல டிரான்ஸ்பார்மராண்ட வெயில்ல நின்னுகினு இருந்தோம்.”

ஹம்சா மாடிக்கு வந்து அசோசியேஷன் மினிட்ஸ் நோட்டை எடுத்தாள். ‘அலங்காரப் பொருட்களின் மேல் யாரும் உட்காரக் கூடாது’ என்று உடனே ஒரு தீர்மானம் எழுதி, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நிறைவேற்றிவிட வேண்டும். தீர்மானத்தை எப்படி எழுதுவது என்று பார்க்கப் பழைய பக்கங்களைப் புரட்டினாள்.

போன வருஷம், ஜனவரி மாதக் கூட்டம். பதினாலு தீர்மானங்களில் ஒன்பதாவது.

‘வீட்டு வேலைக்கும் டெலிவரிக்கும் வருகிறவர்களுக்காக கேட் அருகே உட்கார பெஞ்சு, குடிதண்ணீர்க் குழாய், நிழலுக்குக் கூரை. கொண்டுவந்தவர்: சங்கரன். முடிவு: நிராகரிக்கப்பட்டது. காரணம்: வாசலின் அழகு கெட்டுவிடும்.’

கீழே செக்ரட்டரி ஹம்சாவின் கையெழுத்து. இரண்டு நிமிஷத்தில் முடிந்துபோன விஷயம், அவளுக்கு நினைவில்கூட இல்லை. வெட்கமாக இருந்தது.

பேனாவை மூடிவிட்டுப் பால்கனிக்குப் போனாள். சுப்பம்மா இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள்.

“உட்காரு சுப்பம்மா” என்று மேலிருந்து சொல்லிவிட்டு, சங்கரன் மாமாவுக்குப் போன் போட்டாள்.

“மாமா, அந்த பாய்கிட்ட இன்னும் ரெண்டு தட்டைக் காளான் கிடைக்குமா?”

“எதுக்கும்மா?”

“அழகுக்குத்தான் மாமா.”