முப்பத்தேழு டிகிரி

"சூடு முப்பத்தேழுலயே நிக்குதா சாமி? கரண்ட் போச்சுன்னா ஜெனரேட்டர் ஒடனே ஓடோணும். இன்னும் பொரிக்கலையா?"

போனில் கேட்டுக்கொண்டிருந்த பாலசுந்தரத்தைப் பார்க்கப் பார்க்க, மைத்துனன் சபரிநாதனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எருமப்பட்டியில் குஞ்சுப் பொரிப்பகம் நடத்துகிறவர். ரத்தத்தில் கிருமி பரவி, எந்த ஊசிக்கும் காய்ச்சல் இறங்காமல், அவர் மனைவி தெய்வநாயகி எதிரே ஐ.சி.யூ.வில் கிடக்கிறாள்.

"ஏனுங் மச்சான், எங்கக்காளைவிட உங்களுக்குக் கோழிக்குஞ்சு பெருசாப் போச்சுங்களா?"

பதில் சொல்வதற்குள் போன் மறுபடி அடித்தது.

"பொரிச்சிருச்சா!" என்று கத்தியவர், சபரிநாதனை இழுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினார்.

கீழே ஆஸ்பத்திரி லேப். கண்ணாடிக்கு உள்ளிருந்து டெக்னீஷியன் அகல்யா ஒரு வட்டத் தட்டைத் தூக்கிக் காட்டினாள்.

"நீங்க போன்ல கேட்டுட்டே இருந்தீங்களே, இதுதாங்க அம்மா ரத்தத்துல இருந்த கிருமிங்க. வளத்து, ஆறு மருந்து வெச்சுப் பாத்தோம்."

தட்டு முழுக்க வெள்ளைப் படலம். ஐந்து மருந்து வில்லைகளை அது நெருக்கி மொய்த்திருந்தது. ஆறாவதைச் சுற்றி மட்டும், நிலாவுக்குக் கோட்டை கட்டினாற்போல், துளி வெள்ளையில்லாத ஒரு வட்டம்.

"அதுக்குள்ள ஒண்ணுகூடப் பொழைக்கலீங்க. டாக்டர் அந்த மருந்தை ஏத்தச் சொல்லிட்டாருங்க."

சபரிநாதன் கண்ணாடியை ஒட்டி நின்று அந்த வட்டத்தைப் பார்த்தான்.

"நம்ம குஞ்சுக்கு இருபத்தொரு நாள் வேணும் மாப்ளே," என்றார் பாலசுந்தரம், கண்ணைத் துடைத்தபடி. "இது ரெண்டே நாள்ல பொரிச்சிருச்சு. பொரிச்சாத்தானே எதுக்குச் சாகும்னு தெரியும்!"

சபரிநாதன் தன்னை அறியாமல், கோயில் வாசலில் போல, செருப்பைக் கழற்றியிருந்தான்.